சர்வதேசப் போட்டியை நடத்தும் நகரத்துக்கு என்ன மிஞ்சுகிறது?

ஒலிம்பிக் ஆனாலும் காமன்வெல்த் ஆனாலும், போட்டி முடிந்து சில மாதங்களில் ஒரு செய்தி வந்துவிடும்: "உபரியோடு முடிந்தது." பெரும்பாலும் அது பொய்ச் செய்தி இல்லை. ஆனால் இப்படிப்பட்ட ஒரு போட்டிக்கு மூன்று தனித்தனிக் கணக்குகள் உண்டு. செய்தியில் வருவது அவற்றில் ஒன்று மட்டும்தான். மற்ற இரண்டையும் பார்க்காமல் நகரத்துக்கு லாபம் என்றோ நஷ்டம் என்றோ யார் சொன்னாலும் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை.

முதல் கணக்கு அமைப்புக் குழுவுடையது. டிக்கெட், உள்நாட்டு ஸ்பான்சர்கள், ஒளிபரப்பு வருமானத்தில் கிடைக்கும் பங்கு ஆகியவை இதில் வரவு. தொடக்க விழா, தற்காலிக இருக்கைகள், வீரர்களுக்கான பேருந்து, உணவு, தன்னார்வலர் சீருடை எல்லாம் செலவு. இந்தக் கணக்கு சமமாகவோ சிறு உபரியோடோ முடியும்படிதான் வடிவமைக்கப்படுகிறது, ஏனென்றால் பெரிய செலவுகள் எதுவும் இதில் சேராது. இரண்டாவது கட்டுமானக் கணக்கு: அரங்குகள், வீரர் கிராமம், ரயில் பாதை, சாலை, நிலம் கையகப்படுத்தல். மூன்றாவது அரசுத் துறைகளின் கணக்கு: காவல், ராணுவம், எல்லைச் சோதனை, கூடுதல் ரயில்கள், மருத்துவமனைகளில் ஒதுக்கிவைக்கும் படுக்கைகள். இந்த மூன்றாவது பல துறைகளின் பட்ஜெட்டுக்குள் சிதறிக் கிடப்பதால் அதைத் திரட்டிக் காட்டுவது தணிக்கைத் துறை மட்டுமே.

டோக்கியோ 2020 ஒலிம்பிக்கில் அமைப்பாளர்கள் சொன்ன இறுதிச் செலவு சுமார் 1.42 லட்சம் கோடி யென். ஜப்பானின் தணிக்கை வாரியம் 2022 டிசம்பரில் தொடர்புடைய செலவுகளையும் கூட்டி 1.69 லட்சம் கோடி என்றது. பாரிஸ் 2024 அமைப்புக் குழு உபரி காட்டியது. அதே போட்டிக்காகப் பொதுப் பணத்திலிருந்து போனது 600 கோடி யூரோவுக்கு மேல் என்று பிரான்ஸின் தணிக்கை நீதிமன்றம் கணக்கிட்டது. இரண்டு தரப்பும் உண்மையைத்தான் சொல்கின்றன. அவரவர் திறந்த நோட்டு வேறு.

மூன்றையும் கூட்டிய பிறகும் லாபத்தில் நிற்கும் நகரத்துக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் லாஸ் ஏஞ்சல்ஸ் 1984. அந்த லாபம் எங்கிருந்து வந்தது என்பதை விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் திறமையான நிர்வாகம் என்ற ஒரே காரணத்தோடு அந்தக் கதையை முடித்துவிடுகிறார்கள். 1976 ஒலிம்பிக்கை நடத்திக் கடனில் மூழ்கிய மாண்ட்ரியல் பட்ட பாட்டைப் பார்த்துப் பயந்து, 1984 போட்டிக்குப் பெரும்பாலான நகரங்கள் முன்வரவில்லை. ஆர்வம் காட்டிய தெஹ்ரானும் விலகியபின் லாஸ் ஏஞ்சல்ஸ் மட்டுமே எஞ்சியது. 1978-ல் நகர மக்கள் வாக்களித்து, ஒலிம்பிக்குக்கு நகராட்சிப் பணம் போகக் கூடாது என்று நகர சாசனத்தையே திருத்தினார்கள். நஷ்டம் வந்தால் நகரம் பொறுப்பேற்க வேண்டும் என்ற வழக்கமான நிபந்தனையைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. வேறு வழி அதற்கு இல்லை. 1932 ஒலிம்பிக்குக்குப் பயன்பட்ட அதே கொலிசியம் அரங்கம், வீரர்கள் தங்கப் பல்கலைக்கழக விடுதிகள், புதிதாகக் கட்டிய நீச்சல் குளத்துக்கும் சைக்கிள் ஓடுதளத்துக்கும் ஸ்பான்சர் பணம். உபரி 23.25 கோடி டாலர். அதில் 40 சதவீதம் தெற்குக் கலிஃபோர்னியாவிலேயே இளைஞர் விளையாட்டுக்கான அறக்கட்டளையாகத் தங்கியது.

ஆக லாபத்தைத் தந்தவை இரண்டு: கையெழுத்துக்கு முன்பு இருந்த பேரம் பேசும் பலம், ஏற்கெனவே கையில் இருந்த கட்டடங்கள். அந்த வெற்றியைப் பார்த்து அடுத்த இருபது ஆண்டுகள் நகரங்கள் வரிசையில் நின்றன. வரிசை நீண்டதும் பேரம் பேசும் பலம் மறுபக்கம் போய்விட்டது. ஒருவரைவிட ஒருவர் பெரிய அரங்கம், பெரிய வாக்குறுதி என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். இப்போது காற்று மீண்டும் திரும்பியிருக்கிறது. பாஸ்டன் 2015-ல் விலகியது. அதே ஆண்டு ஹாம்பர்க் மக்கள் வாக்கெடுப்பில் வேண்டாம் என்றார்கள். 2016-ல் ரோம் விலகியது. 2017-ல் புடாபெஸ்டில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டு வாக்கெடுப்பு கேட்டதும் அந்த நகரமும் பின்வாங்கியது. மிஞ்சியவை பாரிஸும் லாஸ் ஏஞ்சல்ஸும். ஆகவே 2024, 2028 இரண்டையும் ஒரே நேரத்தில் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். இன்று விண்ணப்பிக்கும் நகரம் பழைய பாணி நிபந்தனைகளுக்குத் தலையாட்டினால், கையில் இருக்கும் பலத்தை அது பயன்படுத்தவில்லை என்றுதான் பொருள்.

உலகக் கோப்பைக் கால்பந்தில் நிபந்தனைகள் இன்னும் கடுமை. ஒளிபரப்பு, உலக ஸ்பான்சர்கள், டிக்கெட் வருமானம் எல்லாம் ஃபிஃபாவுக்கு. அரங்கத்தைச் சுற்றிய பாதுகாப்பு, போக்குவரத்து, ரசிகர் திடல் இவையெல்லாம் நகரத்தின் தலையில். மேலே வரிவிலக்கும் கேட்கப்படும். 2026 போட்டிக்கான பட்டியலிலிருந்து சிகாகோ 2018-லேயே வெளியேறியது; வரி செலுத்துவோருக்கு எவ்வளவு சுமை வரும் என்று உறுதியாகச் சொல்ல யாரும் தயாராக இல்லை என்பதே அது சொன்ன காரணம். நல்ல முடிவு.

செலவு ஏன் எப்போதும் ஏறுகிறது

1960 முதலான ஒலிம்பிக் செலவுகளைத் தொகுத்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு, கணக்கு கிடைத்த ஒவ்வொரு போட்டியும் முதல் மதிப்பீட்டைத் தாண்டியதாகக் காட்டியது. அணைக்கட்டோ மெட்ரோவோ சில சமயம் பட்ஜெட்டுக்குள் முடிந்துவிடும். ஒலிம்பிக் மட்டும் ஏன் முடிவதில்லை?

எந்தக் கட்டுமானத்திலும் மூன்று பிடிகள் உண்டு: தேதி, அளவு, பணம். மெட்ரோ வேலை இழுத்தால் தேதியைத் தள்ளலாம். பணம் போதாவிட்டால் இரண்டு நிலையங்களைக் குறைக்கலாம். இங்கே தேதி தொடக்க விழாவோடு பூட்டப்பட்டிருக்கிறது. அளவு சர்வதேசச் சம்மேளனங்களின் விதிகளில் பூட்டப்பட்டிருக்கிறது. நெகிழக்கூடியது பணம் ஒன்றுதான். கடைசி ஒன்றரை ஆண்டில் ஒப்பந்ததாரருக்கும் இது தெரியும், தொழிற்சங்கத்துக்கும் தெரியும், எஃகு சப்ளை செய்பவருக்கும் தெரியும். இரவு ஷிப்ட், இரட்டைக் கூலி, கப்பலில் வர வேண்டிய இயந்திரத்தை விமானத்தில் கொண்டுவருவது, டெண்டர் இல்லாமல் நேரடியாகக் கொடுக்கும் வேலை எல்லாம் அப்போதுதான் நடக்கின்றன. ஊழல் நுழைய இதைவிடச் சௌகரியமான வாசல் இல்லை. நேரமில்லை என்ற ஒரு வார்த்தை எல்லாக் கோப்புகளையும் நகர்த்திவிடும்.

முதல் மதிப்பீட்டில் எவை விடுபடுகின்றன என்பதற்கு 2012 ஒலிம்பிக்கை நடத்திய லண்டன் நல்ல பாடம். 2005-ல் விண்ணப்பித்தபோது சொன்ன செலவு சுமார் 400 கோடி பவுண்டு. 2007 மார்ச்சில் பொதுப்பண ஒதுக்கீடு 932.5 கோடி ஆனது. இடையில் அரங்குகள் இரண்டு மடங்கு பெரிதாகிவிடவில்லை. விண்ணப்பத்தில் மதிப்புக் கூட்டு வரியைச் சேர்க்கவில்லை. அது மட்டும் 80 கோடியைத் தாண்டியது. காவல் செலவைச் சேர்க்கவில்லை, 60 கோடி. தனியாரிடமிருந்து 73.8 கோடி வரும் என்று எழுதியிருந்தார்கள். பிறகு அதை 16.5 கோடியாகக் குறைத்தார்கள். எதிர்பாராச் செலவுக்கான ஒதுக்கீடு 270 கோடிக்கு மேல் தேவைப்பட்டது. லண்டன் 2007-லேயே இதை வெளிப்படையாகத் திருத்திக்கொண்டதால் இறுதியில் 930 கோடிக்குள் முடிக்க முடிந்தது. அதைப் பாராட்டலாம். ஆனால் மக்கள் ஒப்புதல் கேட்கப்பட்டது பழைய எண்ணைக் காட்டித்தான்.

பாதுகாப்பு தனியாகக் கவனிக்க வேண்டிய செலவு. அதே லண்டனில் அரங்குகளுக்கு 10,000 காவலர்கள் போதும் என்ற மதிப்பீடு 2011-ல் 23,700 ஆக உயர்ந்தது, ஒதுக்கீடு 28.2 கோடியிலிருந்து 55.3 கோடி பவுண்டானது. போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒப்பந்த நிறுவனத்தால் ஆட்களைத் தர முடியாமல் போய், கூடுதலாக 3,500 ராணுவத்தினரை இறக்கினார்கள். எத்தனை அரங்கம், எத்தனை நுழைவாயில், எத்தனை மணி நேரம் என்ற கணக்கு முடியாமல் காவலர் எண்ணிக்கையைச் சொல்லவே முடியாது. அரங்கப் பட்டியல் இறுதியாவதற்கு முன் கொடுக்கப்படும் பாதுகாப்பு மதிப்பீடு எதையும் இரண்டால் பெருக்கிப் படிப்பது நல்லது.

வராமல் போகும் சுற்றுலாப் பயணி

"இத்தனை லட்சம் பேர் வருவார்கள், ஆளுக்கு இவ்வளவு செலவழிப்பார்கள், அதைப் பெருக்கினால் இவ்வளவு வருமானம்" என்று ஆலோசனை நிறுவனங்களின் அறிக்கைகள் சொல்லும். பெருக்கலில் தவறில்லை. கழிக்க வேண்டியதைக் கழிக்காததுதான் தவறு.

போட்டிக்காக வருகிறவர் ஒருவர் என்றால், கூட்டத்துக்கும் ஹோட்டல் விலைக்கும் பயந்து அந்த மாதம் வராமல் போகிறவர் இன்னொருவர். 2012 ஆகஸ்டில் பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டவர் எண்ணிக்கை முந்தைய ஆகஸ்டைவிட சுமார் 5 சதவீதம் குறைவு. ஒலிம்பிக் நடந்த மாதத்தில்! பாரிஸ் போட்டிக்கு முன்பு ஏர் பிரான்ஸ்-கே.எல்.எம் நிறுவனம், பயணிகள் பாரிஸைத் தவிர்ப்பதால் அந்தக் கோடையில் 16 முதல் 18 கோடி யூரோ வரை வருமானம் குறையும் என்று அறிவித்தது. ஏற்கெனவே கோடையில் நிரம்பி வழியும் நகரத்துக்கு ஒலிம்பிக் புதிய கூட்டத்தைக் கொண்டுவருவதில்லை, ஒரு கூட்டத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கிறது. வருடத்தின் மந்தமான மாதத்தில் நடந்தால், அறைகள் காலியாகக் கிடக்கும் நகரத்தில் நடந்தால், கணக்கு மாறும்.

உள்ளூர்க்காரர் டிக்கெட்டுக்குக் கொடுக்கும் பணத்தையும் கழிக்க வேண்டும். அது போட்டி இல்லாவிட்டாலும் அதே நகரத்தில் வேறெதற்காவது செலவாகியிருக்கும். வெளியே ஒழுகுவதையும் கழிக்க வேண்டும். அறை வாடகை மூன்று மடங்கானாலும் அறையைச் சுத்தம் செய்பவரின் சம்பளம் மூன்று மடங்காவதில்லை. கூடுதல் பணம் ஹோட்டல் குழுமத்தின் தலைமையகத்துக்குப் போகிறது. அரங்கத்துக்குள் விற்கும் குளிர்பானம்கூட ஸ்பான்சருடையதாகத்தான் இருக்க வேண்டும். தெருவோரக் கடைக்காரரை அந்த வட்டத்துக்கு வெளியே நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் எவ்வளவு வந்தது என்று அறிய ஒரு எளிய வழி உண்டு. போட்டி நடந்த காலாண்டின் விற்பனை வரி, ஹோட்டல் வரி வசூலை முந்தைய மூன்று ஆண்டுகளின் அதே காலாண்டுகளோடு வைத்துப் பார்த்தால் போதும்.

அரங்கம்

நகரத்தின் தலையில் நீண்ட காலம் உட்காருவது இதுதான். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1,000 கோடியில் ஒரு அரங்கம், எந்த நாணயமானாலும் சரி. 7 சதவீத வட்டியில் 30 ஆண்டுக் கடன் என்றால் ஆண்டுத் தவணை ஏறக்குறைய 80.6 கோடி. ஆண்டில் 20 நாள் நிகழ்ச்சி நடந்தால், ஒவ்வொரு நிகழ்ச்சி நாளும் செலவு போக 4 கோடி தர வேண்டும். புல்தரை, கூரை, லிஃப்ட், தீயணைப்பு, மின்சாரம், காவல் எல்லாம் அதற்கு மேல். 60,000 இருக்கைகள் உள்ள அரங்கத்தில் வழக்கமாக 12,000 பேர் வரும் உள்ளூர் அணி விளையாடினால் இந்தத் தொகை எந்த ஆண்டிலும் வராது.

அளவு எங்கிருந்து வருகிறது? உலகக் கோப்பையில் சாதாரண ஆட்டத்துக்கே 40,000 இருக்கைகள், அரையிறுதிக்கு 60,000, தொடக்க ஆட்டத்துக்கும் இறுதிக்கும் 80,000 வேண்டும். இது ஒரு மாதத்துக்கான தேவை. அரங்கத்தின் ஆயுள் ஐம்பது ஆண்டு. பிரேசில் 2014-ல் 12 நகரங்களில் நடத்தியது. குறைவான நகரங்களே போதும் என்றபோதும் அரசியல் காரணங்களுக்காகப் பன்னிரண்டாக்கினார்கள். மனாஸ் நகரத்தில் 40,000-க்கு மேற்பட்ட இருக்கைகளோடு கட்டிய அரங்கத்தில் உலகக் கோப்பையின் நான்கு ஆட்டங்கள் மட்டுமே நடந்தன. முதல்நிலை லீக்கில் ஆட அந்த ஊரில் அணியே இல்லை. தலைநகர் பிரசிலியாவின் அரங்க வளாகத்தில் அடுத்த ஆண்டே நகரப் பேருந்துகளை நிறுத்திவைத்தார்கள். போர்ச்சுகல் 2004 ஐரோப்பியக் கோப்பைக்கு 10 அரங்குகளைத் தயார் செய்தது. அவெய்ரோ, லெய்ரியா, ஃபாரோ-லூலே ஆகிய இடங்களில் 30,000 இருக்கைகள். வருவதோ சில ஆயிரம் பேர். சிறிய நகராட்சிகளுக்கு அந்தக் கடன் எவ்வளவு பெரிய பாரம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒலிம்பிக் அரங்கத்தின் சிக்கல் வேறு. 400 மீட்டர் ஓடுதளம் இருந்தால் பார்வையாளர் கால்பந்துத் தரையிலிருந்து வெகுதூரம் தள்ளி உட்கார வேண்டும். எந்தக் கிளப்பும் அதை விரும்புவதில்லை. தடகளத்துக்கோ ஆண்டில் ஓரிரு நாள் தவிர அவ்வளவு கூட்டம் வராது. ஆகவே போட்டிக்குப் பிறகு யார் வாடகைக்கு வருவார் என்பதை அஸ்திவாரம் போடும் முன்பே தீர்மானித்தாக வேண்டும். ஒரே நாட்டில் இரண்டு நகரங்கள் இதை இரண்டு விதமாகச் செய்தன.

மான்செஸ்டர் 2002 காமன்வெல்த் போட்டிக்குக் கட்டும்போதே மான்செஸ்டர் சிட்டி கிளப் குடிவருவதாக முடிவாகியிருந்தது. ஒரு பக்கம் தற்காலிக இருக்கைகள். போட்டி முடிந்ததும் ஓடுதளத்தை அகற்றி, தரையைத் தோண்டித் தாழ்த்தி, கீழே ஒரு புதிய இருக்கை அடுக்கை இறக்கினார்கள்; தற்காலிகப் பக்கத்தில் நிரந்தர மாடம் எழுந்தது. 38,000 இருக்கைகள் சுமார் 48,000 ஆயின. 2003-ல் கிளப் குடிவந்துவிட்டது.

லண்டன் அரங்கம் தடகளத்துக்கே என்றைக்கும் இருக்கும் என்று வாக்குறுதி கொடுத்துக் கட்டப்பட்டது. 80,000 இருக்கைகளை 25,000 ஆகக் குறைப்பதாகத் திட்டம். பிறகு அந்தத் திட்டம் நிற்காது என்று தெரிந்தது. வெஸ்ட் ஹாம் கிளப்புக்காக மாற்றியமைக்க ஆன செலவு 32.3 கோடி பவுண்டு; கிளப் கொடுத்தது 1.5 கோடி. பழைய கூரை எல்லா இருக்கைகளையும் மூடாததால் புதிய கூரை வேண்டியிருந்தது. புதிய கூரையின் எடையைத் தாங்கச் சட்டகத்தைப் பலப்படுத்த வேண்டியிருந்தது. ஓடுதளமும் இருக்க வேண்டும், கால்பந்தும் இருக்க வேண்டும் என்பதற்காக நகரும் இருக்கைகள். அவற்றை ஒவ்வோர் ஆண்டும் முன்னும் பின்னும் மாற்றவே பல லட்சம் பவுண்டு போகிறது. வாடகையாக வருவதோ ஆண்டுக்குச் சுமார் 25 லட்சம் பவுண்டில் தொடங்கிய தொகை. கட்டடக் கலைஞர்கள் செய்த பிழை அல்ல இது. வாடகைதாரர் யாரென்று தெரியாமல் வரைபடத்துக்குக் கையெழுத்திட்டதன் விலை.

மாண்ட்ரியலின் அரங்கம் இன்னும் வலிக்கும் கதை. போட்டி நடந்தபோது கோபுரமும் கூரையும் முடியவே இல்லை. கூரை வந்தது 1987-ல். வந்த கூரை கிழிந்தது, மாற்றியதும் கிழிந்தது. புகையிலைக்குத் தனி வரி போட்டு 2006-ல்தான் கடனை அடைத்தார்கள், முப்பது ஆண்டுகள். 2024-ல் கியூபெக் அரசு மறுபடியும் கூரை மாற்ற 87 கோடி கனடா டாலர் ஒதுக்கியது. இடிக்க அதைவிட அதிகமாகும் என்பது அரசு சொன்ன காரணம். கட்டிய தலைமுறை போய் அடுத்த தலைமுறையும் கட்டிக்கொண்டிருக்கிறது.

இதற்கு நேரெதிர் வழி தற்காலிக அரங்கம். தென் கொரியாவின் பியோங்சாங் 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் விழாக்களுக்காகவே கட்டிய 35,000 இருக்கை அரங்கம் ஒலிம்பிக், பாராலிம்பிக் தொடக்க, நிறைவு விழாக்கள் என நான்கு முறை பயன்பட்டு அகற்றப்பட்டது. பத்துக் கோடி டாலருக்கு மேல் நான்கு மாலைகளுக்கா என்று பலர் கொதித்தார்கள். பராமரிப்பைச் சேர்த்துக் கணக்கிட்டால் மலை நகரமொன்றில் அதை நிற்க வைப்பது இன்னும் அதிகச் செலவு. நான் அகற்றியதையே சரி என்பேன். அவ்வளவு பெரிதாக அதைத் தொடங்கியிருக்க வேண்டாம் என்பது வேறு விஷயம். லண்டனின் கூடைப்பந்து அரங்கம் போட்டியோடு பிரிக்கப்பட்டது. நீச்சல் அரங்கத்தின் இரு பக்க இருக்கைச் சிறகுகளைக் கழற்றி 17,500-ஐ 2,500 ஆக்கினார்கள். இன்று சாதாரண மக்கள் அங்கே நீந்துகிறார்கள். நீச்சல் குளம் வீணாவது அரிது, மக்களுக்கு அது தேவை. வீணாவது பெரும்பாலும் இருக்கைகள். துடுப்புப் படகுக்கான செயற்கை நீரோட்டத் தடம், பாப்ஸ்லெட் எனும் பனிச்சறுக்கு வண்டிக்கான பனித்தடம் போன்றவை தனி வகை: தண்ணீரை ஏற்றும் பம்புகளும் குளிரூட்டும் இயந்திரங்களும் ஓடினால்தான் அவை அரங்கம், நிறுத்தினால் வெறும் கான்கிரீட் கால்வாய். 2004 ஒலிம்பிக்குக்காக ஏதென்ஸின் பழைய விமான நிலையத்தில் கட்டிய படகு ஓடை அப்படித்தான் வறண்டு கிடந்தது.

வீரர் கிராமம் என்ற ரியல் எஸ்டேட்

அரங்கத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கிராமத்தில் ஒளிந்திருக்கும் ஆபத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கோடைக்கால ஒலிம்பிக்குக்கு சுமார் 16,000 படுக்கைகள் வேண்டும். தனியார் நிறுவனம் கட்டி, போட்டிக்கு வாடகைக்குக் கொடுத்து, பிறகு வீடுகளாக விற்றுக்கொள்ளும், அரசுக்குச் செலவே இல்லை என்று விண்ணப்பத்தில் எழுதுவார்கள். வீட்டுச் சந்தை சரிந்தால் என்ன ஆகும்? போட்டித் தேதி மாறாது. யாராவது கட்டி முடித்தாக வேண்டும். அந்த யாராவது நகரம்தான்.

வான்கூவர் 2010-ல் அதுதான் நடந்தது. 2008 நிதி நெருக்கடியில் கடன் கொடுத்த நிறுவனம் பணத்தை நிறுத்த, நகரம் கடன் வாங்குவதற்காக 2009 ஜனவரியில் மாகாணச் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. அதே நெருக்கடியில் லண்டன் கிராமத்தின் தனியார் முதலீடும் போய், அரசே 2,818 வீடுகளைக் கட்டியது. விற்றபோது சுமார் 27.5 கோடி பவுண்டு நஷ்டம். டெல்லி 2010-ல் கட்டுமான நிறுவனத்துக்குக் கைகொடுக்க டெல்லி வளர்ச்சி ஆணையம் 333 வீடுகளை 766 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ரியோ 2016-ல் 3,604 வீடுகள் கொண்ட வளாகத்தில் போட்டி நடந்த ஆண்டில் பத்தில் ஒரு பங்குகூட விற்கவில்லை. அது நடுத்தர மக்களுக்கான வீடு அல்ல. பக்கத்தில் இருந்த விலா ஆட்டோட்ரோமோ குடியிருப்பில் நூற்றுக்கணக்கான குடும்பங்களை வெளியேற்றி, போராடி நின்ற இருபது குடும்பங்களுக்கு மட்டும் அங்கேயே வீடு கட்டிக் கொடுத்தார்கள். எந்த லாபக் கணக்கிலும் அந்தக் குடும்பங்கள் இழந்தது பதிவாவதில்லை. பதிவாக வேண்டும்.

வீரர்களுக்காகக் கட்டும் வீட்டை அப்படியே விற்கவும் முடியாது. லண்டன் கிராமத்து வீடுகளில் சமையலறையே இல்லை, பொது உணவுக்கூடம் இருந்ததால். போட்டிக்குப் பிறகு ஒவ்வொன்றிலும் குழாய், மின்சாரம் மாற்றிச் சமையலறை வைத்து, முதல் குடும்பம் குடிவர ஓராண்டுக்கு மேல் ஆனது. அந்த இடைக்கால வட்டியும் செலவுதான். ஆனாலும் பாதி வீடுகள் குறைந்த வாடகைக்கென்று முன்பே ஒதுக்கப்பட்டிருந்ததால் லண்டன் கிராமம் இன்று ஆட்கள் வாழும் இடமாக இருக்கிறது.

பார்சிலோனா ஏன் ஜெயித்தது

"போட்டியால் வளர்ந்த நகரம்" என்று எப்போதும் 1992 ஒலிம்பிக்கை நடத்திய பார்சிலோனாவைக் காட்டுவார்கள். அது உண்மைதான். ஆனால் வரிசை முக்கியம். 1975-ல் ஸ்பெயினில் சர்வாதிகாரம் முடிந்தது. பல பத்தாண்டுகளாக முதலீடு கிடைக்காத நகரம் அது. 1976-லேயே பெருநகரத் திட்டம் இருந்தது. 1986-ல் ஸ்பெயின் ஐரோப்பிய சமூகத்தில் சேர்ந்தது; அதே ஆண்டு ஒலிம்பிக் கிடைத்தது. கடலை மறைத்துக்கொண்டிருந்த ரயில் பாதையை இடம் மாற்றினார்கள், பழைய தொழிற்சாலைப் பகுதியைக் குடியிருப்பாக்கினார்கள், வட்டச் சாலைகள், கழிவுநீர்க் குழாய்கள், கடற்கரை, விமான நிலையம். பிரதான அரங்கம் 1929-ல் கட்டியது, புதுப்பித்தார்கள். மொத்தச் செலவில் விளையாட்டு அரங்குகளுக்குப் போனது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கடனும் நகரத்தின் தோளில் மட்டும் இல்லை. அதற்கென்று அமைத்த நிறுவனத்தில் 51 சதவீதம் மத்திய அரசு, 49 சதவீதம் நகரம்.

அங்கே போட்டி செய்தது, இழுத்தடிக்கக்கூடிய திட்டத்துக்கு மாற்ற முடியாத கெடு வைத்ததுதான். திட்டமே இல்லாத நகரத்துக்கு அதே கெடு வந்தால் அவசரத்தில் திட்டம் தீட்டப்படுகிறது, அரங்கம் இருக்கும் இடத்துக்கு மெட்ரோ போகிறது, மக்கள் இருக்கும் இடத்துக்குப் போவதில்லை. ஏதென்ஸின் புதிய மெட்ரோவும் விமான நிலையமும் இன்றும் பயன்படுகின்றன. பழைய விமான நிலையம் இருந்த ஹெல்லினிகோனில் எழுப்பிய சாஃப்ட்பால், ஹாக்கி அரங்குகள் பாழாகின. ஒரே நகரம், ஒரே போட்டி, ஒன்று தேவையிலிருந்து பிறந்தது, இன்னொன்று அட்டவணையிலிருந்து.

பார்சிலோனாவின் வெற்றிக்கும் ஒரு பின்விளைவு உண்டு. சுற்றுலா பெருகிப் பெருகி, வாடகை ஏறி, உள்ளூர் மக்கள் தெருவில் இறங்கினார்கள். 2028-க்குள் சுற்றுலாக் குடியிருப்பு உரிமங்கள் 10,000-க்கு மேற்பட்டவற்றை முடிவுக்குக் கொண்டுவருவதாக நகரம் 2024-ல் அறிவித்தது.

மகிழ்ச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தன் ஊரில் உலகமே கூடுவதைப் பார்க்கும் மக்களின் சந்தோஷம் உண்மையானது. அதற்குப் பணம் செலவழிக்க ஒரு நகரம் முடிவு செய்தால் நான் குறை சொல்ல மாட்டேன். ஊர்த் திருவிழாவுக்குச் செலவழிக்கிறோம், அது திரும்பி வரும் என்று யாரும் கணக்குக் காட்டுவதில்லை. அதே நேர்மையோடு "இது செலவு, இவ்வளவு ஆகும், சம்மதமா" என்று கேட்டால் போதும்.

உங்கள் நகரம் விண்ணப்பிக்கப் போகிறது என்றால் முதலில் அரங்கப் பட்டியலை எடுத்து மூன்றாகப் பிரியுங்கள்: இருப்பவை, தற்காலிகம், புதிது. புதிது என்ற பத்தியில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லக்கூடிய வாடகைதாரரும், போட்டிக்குப் பிந்தைய பத்தாண்டுப் பராமரிப்புத் தொகையும், அதைக் கட்டப்போகும் துறையும் எழுத்தில் இருக்க வேண்டும். "பன்னோக்குப் பயன்பாடு" என்று மட்டும் எழுதியிருந்தால் அங்கே வாடகைதாரர் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்து, போக்குவரத்துத் திட்டங்கள் விண்ணப்பத்துக்கு முன்பே நகர வளர்ச்சித் திட்டத்தில் இருந்தனவா என்று தேதியைப் பாருங்கள். டெல்லியின் விமான நிலைய மெட்ரோ 2010 அக்டோபர் போட்டிக்கு வர வேண்டியது. ஓடத் தொடங்கியது 2011 பிப்ரவரியில். ஆனாலும் அந்தப் பாதை வீணாகவில்லை, நகரத்துக்கு அது எப்படியும் வேண்டியிருந்தது. அதன்பின் வரி, பாதுகாப்பு, நிலம், விலைவாசி உயர்வு, எதிர்பாராச் செலவு ஆகிய ஐந்தும் மதிப்பீட்டில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். பற்றாக்குறைக்கு யார் உத்தரவாதம் என்ற பிரிவு ஒப்பந்தத்தில் ஒரு பத்தியாகத்தான் இருக்கும். மற்ற எல்லாப் பக்கங்களையும்விட அது கனமானது.

கடைசியாக, வெளியேறும் விலை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2026 காமன்வெல்த் போட்டியைப் பல சிறு நகரங்களில் பரப்பி நடத்த 260 கோடி ஆஸ்திரேலிய டாலரில் ஒப்புக்கொண்டது. அரங்கமும் கிராமமும் ஊர் ஊராகத் தனித்தனியே தேவைப்பட, மதிப்பீடு 600, 700 கோடி என்று போனதும் 2023 ஜூலையில் விலகியது. இழப்பீடு 38 கோடி. எல்லாம் சேர்த்து 58.9 கோடி வீணானதாக மாநிலத் தணிக்கையாளர் கணக்கிட்டார். அந்தப் போட்டியை எடுத்துக்கொண்ட கிளாஸ்கோ விளையாட்டுகளைப் பத்தாகக் குறைத்து, எட்டு மைல் பகுதிக்குள் ஏற்கெனவே நிற்கும் நான்கு இடங்களில் நடத்தத் திட்டமிட்டது. புதிய கிராமம் இல்லை. விக்டோரியாவுக்கு வெளியேறுவது சரியான முடிவுதான், ஆனால் எந்த ஆண்டில் விலகினால் எவ்வளவு என்ற அட்டவணை கையெழுத்துக்கு முன்பே வெளியிடப்பட்டிருந்தால் பேச்சு அங்கேயே வேறு மாதிரி போயிருக்கும். நகர மன்றத்தில் வாக்கெடுப்புக்கு வரும் நாளுக்கு முன் உறுப்பினர்கள் கேட்டு வாங்க வேண்டிய முதல் தாள் அதுதான்.